எரிந்த கரும்புக்கு முதல் கத்தி

வாக்குப்பதிவு தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தபோது ராசுவின் டிராக்டர் ஓடைமேட்டுத் தெருவுக்குள் வந்தது. பின்னால் பூட்டியிருந்த வெறும் டிரெய்லர் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்து எழுப்பிய ஓசையில் தெரு முழுவதும் வெளியே வந்து நின்றது. என்ஜினை அணைக்காமலேயே ராசு கத்திப் பேசினான்.

"மாமா, மேலக்காட்டுக் கரும்புல தீ புடிச்சிகிச்சி. மூணு ஏக்கரா. மொதலாளி உங்கள கையோட இட்டாரச் சொன்னாரு."

கொளஞ்சியப்பன் கம்மங்கூழைக் கையில் வைத்திருந்தான். பாதி குடித்திருந்த சொம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு, கூரை எரவாணத்தில் செருகியிருந்த கத்தியை எடுத்தான். அவனுடைய கை அங்கே போனதை, புதுச்சேலையின் கொசுவத்தைச் செருகிக்கொண்டிருந்த அவன் மனைவி சாலம்மாள் பார்த்தாள்.

"யோவ், இன்னிக்கு இன்னா நாளு?"

"தெரியாமலா இருக்கேன்."

"தெரிஞ்சிக்கினா கத்திய எடுக்கற?"

அன்றைக்கு நகராட்சித் தேர்தல். அவள் வேட்பாளர்.

கள்ளக்குறிச்சியின் மேற்கு விளிம்பில் எழுபது வீடுகள் கொண்ட அந்தத் தெருவில் பெரும்பாலோர் கரும்பு வெட்டுகிறவர்கள். கொளஞ்சியப்பன் பன்னிரண்டு ஜோடிகளுக்கு மேஸ்திரி. கணவன் வெட்டினால் மனைவி சோகை எனப்படும் காய்ந்த தோகையை உரித்து, நுனியிலுள்ள கொழுந்தாடையைக் கழித்துக் கட்டுவாள். இருவரும் சேர்ந்துதான் ஒரு கத்தி என்பது கணக்கு. விடியுமுன் கிளம்பினால் திரும்ப மதியம் ஒன்று, இரண்டு ஆகும். தெருக்குழாயில் தண்ணீர் வருவது காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. கவுன்சிலர் கண்ணாயிரத்தின் தெருவுக்கு விட்டு முடித்த பிறகுதான் இந்தத் தெருவின் வால்வைத் திறப்பார்கள். பெண்கள் கரும்புக்காட்டில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் வந்து போகும் தண்ணீருக்காக, பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். பிள்ளை இல்லாத வீட்டுக் குடம் காய்ந்தது. நேரத்தை மாற்றித் தரும்படி சாலம்மாள் மூன்று முறை நகராட்சி அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனாள். மூன்று முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: உங்கள் கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

கவுன்சிலராக இரண்டு முறை இருந்தவன் கண்ணாயிரம். மேலக்காடு உட்பட மலையடிவாரத்தில் நாற்பது ஏக்கர் வைத்திருப்பவன். இம்முறை வார்டு பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவன் ஒருநாள்கூடக் கலங்கவில்லை. தன் டிராக்டர் ஓட்டுநரான ராசுவின் மனைவி தைலம்மாளை அழைத்துப்போய் மனுத்தாக்கல் செய்ய வைத்தான். அவளும் இதே ஓடைமேட்டுத் தெருக்காரி. "ராசு பொண்டாட்டி நின்னா நான் நின்ன மாதிரி" என்று அவனே தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். அதை இழிவாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, சாலம்மாளைத் தவிர. மறுநாள் அவளும் மனுக் கொடுத்தாள். அலமாரிச் சின்னம் கிடைத்தது. எழுபது வீட்டில் ஒரு வீட்டிலும் அலமாரி இல்லை என்று தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் அதற்கே போடுவதாகச் சொன்னார்கள்.

இப்போது அந்த ஓட்டுகள் கத்திகளோடு டிரெய்லரைச் சுற்றிக் கூடின.

"ஏழு மணிக்குத் தொறக்கறாங்க" என்றாள் சாலம்மாள். "நம்ம சனம் முன்னாடி நின்னா எட்டுக்குள்ள முடிஞ்சிடும். போட்டுட்டுப் போங்க. ரெண்டு மணி நேரத்துல கரும்பு ஆவியாவா பூடும்?"

"வெயில் ஏறுனா எடை எறங்கும்."

"எறங்கட்டும். யாரு கரும்பு? நம்முளுதா?"

"யாருதா இருந்தா இன்னா? எரிஞ்ச கரும்புக்கு மொதக் கத்தி. இத்தினி வருசத்துல நான் ஒருவாட்டி மாட்டேன்னு சொல்லிக்கிறனா?"

அவன் சொன்னது வெற்றுப் பெருமை அன்று. வெட்டுகிறவர்களிடையே அப்படி ஒரு வழக்கம் உண்டு. எரிந்த கரும்பு நிற்க நிற்க எடை குறையும், சாறு கெடும், ஆலை விலையைக் கழிக்கும். ஆகவே கூப்பிட்ட வயல் யாருடையதானாலும், கையில் எந்த வேலை இருந்தாலும், முதலில் அங்கே போயாக வேண்டும். ரிஷிவந்தியம் முதல் எலவனாசூர்கோட்டை வரை உள்ள விவசாயிகள் வேறு மேஸ்திரிகளை விட்டுக் கொளஞ்சியப்பனைத் தேடி வருவதற்கு இந்த ஒன்றே காரணம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்கு ஊரார் கொடுத்திருந்த சான்றிதழ் அது.

"எரிஞ்சது சுளுவா வெட்டலாம்டீ" என்று குரலைத் தணித்தான். "சோகை உரிக்கிற வேலையே இல்ல. மூணு ஏக்கராவ பன்னண்டு மணிக்குள்ள தள்ளிட்டு வந்துருவோம். ஆறு மணி வரைக்கும் ஓட்டு கீது. ராசு, திரும்ப நீதான கொண்டாந்து வுடணும்?"

"நான் வுட்டுடறேன் மாமா" என்றான் ராசு. சாலம்மாள் பக்கம் அவன் திரும்பவில்லை.

கூட்டத்திலேயே மூத்தவளான இருசம்மாள் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துவிட்டு, "கவலப்படாத சாலா. ஓட்டு அட்டைய இடுப்புல சொருவிக்கினுதான் வந்துகிறேன்" என்று முந்தானையைத் தட்டிக் காட்டினாள். பதினொரு ஜோடியும் மேஸ்திரியும் போனார்கள். இருபத்து மூன்று பேர்.

*

வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்ப மரம். அதன் நிழலில் கண்ணாயிரத்தின் ஆட்கள் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பெயர் தேடிக் கொடுத்தார்கள். சாலம்மாளுக்கு மேசை இல்லை. வெயிலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கும்பிட்டுப் பழகாத கைகள் அவை. ஒவ்வொரு முறையும் எந்த உயரத்தில் நிறுத்துவது என்று தடுமாறின.

ஒன்பது மணிக்குத் தைலம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். கண்ணாயிரம் எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலை அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"எக்கா, தண்ணி குடிச்சியா?"

"இப்ப தண்ணி வர்ற நேரம். தெருவுல போய்க் குடிச்சிட்டு வா."

"என்னாண்ட ஏன் சண்டைக்கு வர்ற? நானா நிக்கறேன்னு சொன்னேன்? மொதலாளி கைய நீட்டச் சொன்ன எடத்துல கைநாட்டு வச்சேன். ஜெயிச்சா எந்த நாற்காலில குந்தணும்னுகூடத் தெரியாது."

"குந்த வுடுவாரா மொதல்ல?"

தைலம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு, வீட்டுக் குறை பேசுகிற பழக்கத்தில், "இந்த ஆளு வேற வூடு தங்கறதே இல்லக்கா. ரெண்டு நாளா மேலக்காட்டுலயே கெடந்தாரு. கரையச் சுத்தி சோகை உரிச்சாராம். கையெல்லாம் அறுத்துக்கினு வந்துகிறாரு. ஓட்டு நேரத்துல அது இன்னா அப்படி அவசரம்னு கேட்டா வாயத் தொறக்கல" என்றாள்.

சாலம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். சொன்னவளுக்குச் சொன்னதன் பொருள் தெரியவில்லை. ஆனால் இருபது வருடம் கரும்புக்குள் வளைந்து நின்ற ஒருத்திக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெட்டப்போகிற கரும்பின் கரையோரத்தில் மட்டும் யாரும் சோகை உரிப்பதில்லை. தீ பக்கத்து வயலுக்குத் தாவாமல் இருக்க வேண்டும் என்றால்தான் உரிப்பார்கள். தீ வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால்தான் உரிப்பார்கள்.

அவள் கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டாள். மலையடிவாரத்தில் டவர் எடுக்கவில்லை. பதினான்கு முறை போட்டாள். பிறகு, சாவடிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பச்சமுத்துவிடம் போனாள். அவன் ஐம்பது வயதுக்காரன், அதே தெரு. காலையில் முதல் ஆளாக அவளுக்கு ஓட்டுப் போட்டவன்.

"அண்ணே, கடைய ஒரு மணி நேரம் சாத்து. மேலக்காட்டுக்குப் போ. கண்ணாயிரம் அவனாத்தான் கொளுத்திக்கிறான்னு சொல்லு. கத்தியப் போட்டுட்டு வரச் சொல்லு."

பச்சமுத்து கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அவன் திரும்பியபோது உச்சி வெயில். வண்டியிலிருந்து இறங்காமலேயே பேசினான்.

"சொன்னேம்மா. காதுல வாங்கிக்கினான். இன்னும் ஒரு லோடுதான் கீது, ரெண்டு மணிக்கு வந்துடறோம்னு சொன்னான்."

"அவனாத்தான் கொளுத்துனான்னு சொன்னியா?"

"சொன்னேன். குனிஞ்சிக்கினு வெட்டறான்."

இரண்டு மணிக்கு வரவில்லை. மூன்று மணிக்கு வரவில்லை. நான்கு மணிக்கு வேப்ப மரத்தடி மேசைக்குக் கண்ணாயிரம் வந்து உட்கார்ந்தான். வெள்ளை வேட்டியில் ஒரு துளிக் கரி இல்லை. மூன்று ஏக்கர் எரிந்துபோன மனிதனின் முகம் அப்படி இருக்காது என்பதை அங்கே நின்ற அத்தனை பேரும் அறிவார்கள். அறிந்துகொண்டே அவனுக்கு வணக்கம் சொன்னார்கள்.

"இன்னா சாலம்மா, உன் ஆளுங்கள காணமே? வெயில்ல யாரும் ஓட்டுப்போட வரமாட்டாங்க போல."

"உங்க காட்டுலதான கெடக்கறாங்க. வண்டிய அனுப்புங்க."

"வண்டி ஆலை வாசல்ல லைன்ல நிக்குது. நான் இன்னா பண்றது? கரும்ப தலையில தூக்கிக்கினா போவ முடியும்?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாலம்மாள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரரிடம் போய், இந்த ஆள் இப்படிச் செய்திருக்கிறான் என்று சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். ஒருவன் தன் கரும்பைத் தானே கொளுத்துவது தேர்தல் விதிமீறல் ஆகுமா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதத் தெரிந்தவர்கள் யாரும் அப்போது அவள் பக்கத்தில் இல்லை.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஆறு இருபதுக்கு இருபத்து மூன்று பேரும் சாலையின் வளைவில் தெரிந்தார்கள். இரண்டு மணிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன டிராக்டர் திரும்பி வராமல், மூன்று வரை பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கியவர்கள். வழியில் வந்த பஸ் ஒன்று நிற்கவே இல்லை. நின்ற இன்னொன்றில், இத்தனை கத்தியோடும் கரியோடும் ஏறினால் சீட்டு எல்லாம் பாழாகிவிடும் என்று கண்டக்டர் மறுத்துவிட்டார். பன்னிரண்டு கிலோமீட்டர். எரிந்த சோகையின் கரி முகத்தில், கழுத்தில், கண்ணிமையில் படிந்து வேர்வையில் கரைந்து இறங்கியிருந்தது. இருமினால் கறுப்பாக வந்தது.

இருசம்மாள் மட்டும் ஓடினாள். மூடிய கதவின் கம்பிக்கு இடையே கையை நுழைத்து, இடுப்பிலிருந்து உருவிய அட்டையை நீட்டினாள்.

"ஐயா, ஐயா, தோ அட்ட கீது. எம் பேரு கீது பாருங்க."

"ஆறு மணிக்குள்ள கேட்டுக்குள்ள இருந்தவங்களுக்குத்தாம்மா டோக்கன். கைய எடு."

"நாங்க காத்தால இருந்து வந்துக்கினுதான் இருக்கோம்யா."

"கைய எடும்மா. நசுங்கிடும்."

அவள் கையை எடுத்தாள். வெள்ளை பூசிய கம்பியில் ஐந்து விரல்களின் கரித்தடம் இருந்தது. அந்த இருபத்து மூன்று பேரின் விரல்களில் எந்த விரலிலும் வாக்குச்சாவடியின் மை இல்லை.

*

மூன்றாம் நாள் எண்ணினார்கள். பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் தைலம்மாள் வென்றாள். மாலைகள் கண்ணாயிரத்தின் கழுத்தில் விழுந்தன. வெற்றிச் சான்றிதழை மட்டும் அவள் கையில் கொடுத்திருந்தார்கள், அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் நின்றாள். ஊர்வலம் ஓடைமேட்டுத் தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வழியாகத்தான் போனது. பத்தாயிரம் வாலாப் பட்டாசைச் சாலம்மாளின் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள்.

புகை அடங்கியதும் சாலம்மாள் வெளியே வந்தாள். வாசலில் வெட்டுக்கூட்டத்தார் எல்லாரும் இருந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள். கொளஞ்சியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அவளும் அவனும் பேசியிருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "எல்லாரும் இருக்கும்போதே சொல்லு. கரையோரம் சோகை உரிச்சிருந்துச்சா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "உரிச்சிருந்துச்சி."

"வரப்பு?"

"தண்ணி பாய்ச்சி ஈரமா இருந்துச்சி."

"எப்ப பாத்த?"

"போன ஒடனே."

"பச்சமுத்து அண்ணன் வந்து சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

இருசம்மாள், "எங்களுக்குச் சொல்லலியே மேஸ்திரி" என்றாள்.

"சொன்னா இன்னா ஆயிருக்கும்?" கொளஞ்சியப்பனின் குரல் உயர்ந்தது. "யாரு கொளுத்துனா இன்னா? கரும்பு எரிஞ்சது நெசந்தான? மூணு ஏக்கரா கண்ணு முன்னால காஞ்சிக்கினு நிக்குது. அத அப்பிடியே வுட்டுட்டு வரச் சொல்றியா? நாளைக்கு எவன் என்னை நம்பிக் கூப்புடுவான்?"

சாலம்மாளுக்குக் கண்ணாயிரத்தின் மேல் இருந்த கோபம் பழையது. எந்த இடத்தில் வைப்பது என்று அவளுக்குத் தெரியும். இது வேறு. ஏமாற்றப்பட்ட ஒருவன் தான் ஏமாற்றப்படுவதைக் காலையிலேயே கண்டுகொண்டு, அதற்குப் பிறகும் எட்டு மணி நேரம் ஒழுங்காக, ஒரு கரும்புகூடக் கோணாமல், அந்த ஏமாற்றை வெட்டி அடுக்கிக் கொடுத்திருக்கிறான். அந்த ஒழுங்குக்குப் பெயர் நேர்மை என்றும் அவன் நம்புகிறான். அவளுக்கு அது தாங்கவில்லை.

"அவன் உன்னை நல்லாத் தெரிஞ்சி வச்சிக்கிறான்யா" என்றாள். "எனக்குத்தான் தெரியல. இருபது வருசம் உன்கூடக் குடும்பம் பண்ணிக்கினு எனக்குத் தெரியல. அவன் ஒரு தீக்குச்சிக்கு மேல செலவு பண்ணல பாரு."

"வாய அடக்கு."

"எதுக்கு அடக்கணும்? ஒம்போது மணித் தண்ணிக்கு இன்னும் அஞ்சு வருசம் கீது. அஞ்சு வருசமும் பேசுவேன்."

*

அந்த வார முடிவில் கண்ணாயிரத்தின் கீழக்காட்டுக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. தீப்பிடிக்காத, பச்சையாக நின்ற கரும்பு. தேர்தலுக்கு முன்பே கொளஞ்சியப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். அன்று விடியற்காலையில் அவன் தெருவில் நின்று குரல் கொடுத்தபோது பெண்கள் எவரும் எழுந்து வரவில்லை. பெண்கள் வராததால் ஆண்களும் வரவில்லை; ஒற்றையாளுக்குக் கத்தி கிடையாது. சாலம்மாள் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வர்றியா?" என்று கேட்டான். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் தனியாகப் போனான்.

மலையின் நிழல் விலகுவதற்குள் நாலு கட்டுக்கான கரும்பை வெட்டினான். சோகையை அவனே உரித்தான். கொழுந்தாடையைக் கழித்து, முறுக்கி, அவனே கட்டினான். அதுவரை எல்லாம் ஒருவன் செய்யக்கூடியதுதான். கட்டைத் தலையில் ஏற்றுவது ஒருவன் செய்யக்கூடியது அன்று. ஐம்பது கிலோவைக் குனிந்து எடுத்துத் தலைக்கு உயர்த்த எதிரே இன்னொரு ஜோடிக் கை வேண்டும். இருபது வருடமாக எதிரே இருந்த கை எவ்வளவு பாரத்தைத் தாங்கியது என்பதை அவன் நிறுத்துப் பார்த்ததில்லை.

பத்து மணிக்குக் காரில் வந்த கண்ணாயிரம் வரப்பில் நின்றான்.

"எங்கடா ஆளுங்க?"

"வரல மொதலாளி."

"பொம்பள பேச்சக் கேட்டுக்கினாங்களா?" அவன் கோபப்படவில்லை, மேஸ்திரியைப் பார்த்துத் திருப்தியோடு தலையை ஆட்டினான். "நீ வந்துட்ட பாத்தியா. அதான் கொளஞ்சி. உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா ஊரு உருப்படும்."

கொளஞ்சியப்பன் அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டு நின்றான். மனைவி வாசலில் வைத்துச் சொன்னதையே இவன் பாராட்டாகச் சொல்கிறான் என்பது மெதுவாகத்தான் அவனுக்கு உறைத்தது. கட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மொதலாளி, ஒரு கை குடுங்க. இத தூக்கி வுடுங்க."

"என்னது?"

"கட்ட தூக்கி வுடுங்க. வண்டியாண்ட கொண்டு போவணும். ஒத்த ஆளா தூக்க முடியல."

கண்ணாயிரம் தன் சட்டையைப் பார்த்தான். பிறகு கட்டைப் பார்த்தான். "வெளையாடறியா? நான் நகராட்சிக்குப் போவணும். இன்னிக்குப் பதவி ஏத்துக்கறோம். ராசுவும் அங்கதான் இருக்கான், சாயங்காலம் அனுப்பறேன். அது வரைக்கும் வெட்டிப் போடு."

கார் போன பிறகு கொளஞ்சியப்பன் கட்டை வரப்பின் சரிவில் உருட்டி ஏற்றி, கீழே மண்டியிட்டுத் தலையைக் கொடுத்து எழுந்து பார்த்தான். கட்டு பின்பக்கம் சரிந்தது. அதைப் பிடிக்கத் திரும்பியபோது, அவனே சீவிவிட்ட கரும்பின் அடிக்கட்டை முழங்காலுக்குக் கீழே கிழித்தது. ரத்தத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, வெட்டிய கரும்பை வெயிலில் கிடக்கவிட்டு, ரோட்டுக்கு நடந்தான்.

மறுநாள் விடியற்காலை ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு விவசாயியின் டெம்போ தெருவுக்கு வந்தது. சாலம்மாள் போனில் பேசி வரவழைத்த வண்டி. பதினொரு ஜோடியும் ஏறின. சாலம்மாளோடு சேர்ந்து ஆண்டாளும் ஏறினாள். புருஷன் செத்து மூன்று வருடமாகச் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். கையில் புதிதாக அடித்த கத்தி இருந்தது.

கொளஞ்சியப்பன் காலை இழுத்துக்கொண்டு வந்து டெம்போவின் பின்பலகையைப் பிடித்தான். கத்தியை மேலே வைத்தான்.

"கொஞ்சம் நவுந்துக்க."

சாலம்மாள் அந்தக் கத்தியை எடுத்து, கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"பன்னண்டு ஜோடி ஆயிடுச்சி."

"நான் மேஸ்திரிடீ."

"இவ புருஷன் செத்த பதினாறாம் நாளு கத்தியத் தூக்கிக்கினு வந்து வாசல்ல நின்னா. ஜோடி இல்லாத ஆளுக்குக் கூட்டத்துல எடம் இல்லன்னு திருப்பி அனுப்புன இல்ல? அதான் உன் சட்டம். நான் ஒண்ணும் மாத்தல."

ஆண்டாள் பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டினாள். டெம்போ கிளம்பியது.